அமுக்கரா வேரும் 27-ஆம் பிரிவும்

ஒரகடத்தில் கார், லாரி ஆலைகளுக்கு நடுவே அமுக்கரா மூலிகைச் சாறு தயாரிக்கும் ஒரு நிறுவனம். அதன் ஆய்வகத்தில் வேலை பார்த்த இளம்பெண் ராஜினாமா செய்துவிட்டு வேறு கம்பெனியில் சேர்ந்தார். "எங்கள் ஹார்மோன் ஃபார்முலாவை எடுத்துப் போய்விட்டார், ஒப்பந்தப்படி இரண்டு வருஷம் இந்தத் தொழிலிலேயே இருக்கக் கூடாது" என்று வழக்கு. பிரதிவாதிக்காக நான் ஆஜரானேன்.

விஷயத்தை அவரிடமே கற்றுக்கொண்டேன். "நிலத்தில் அமுக்கரா வேர் தோண்ட ஐந்தாறு மாதம் ஆகும் சார். குடுவையில் நாற்பது நாள் போதும். முதலில் ஆக்சின் என்ற ஹார்மோன் கொடுத்தால் வேர் கிளைக்கும். நன்றாகத் திரண்ட பிறகு சாலிசிலிக் அமிலமோ மெத்தில் ஜாஸ்மோனேட்டோ விடுவோம். கிருமி தாக்கும்போது செடி தானே சுரக்கிற பொருள்கள் இவை. எதிரி வந்துவிட்டதாக எண்ணி வேர் தன் மருந்துச் சத்தான வித்தனோலைடுகளைக் கூட்டும். அவசரப்பட்டு முன்னாலேயே விட்டால் வளர்ச்சி நின்றுபோகும்."

அவர் சொன்னதில் ரகசியம் எது? திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பத்தாண்டுக்கு மேல் முன்பே அமுக்கரா வேர் வளர்ப்பில் 150 மைக்ரோமோலார் சாலிசிலிக் அமிலத்தை நான்கு மணி நேரம் கொடுத்துப் பார்த்து, வித்தனோலைடுகள் பல மடங்கு பெருகியதை வெளியிட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டுரைகளையே ஆவணமாகத் தாக்கல் செய்தேன். உலகமே படிக்கக்கூடிய ஒன்றை ஒரு முதலாளி பூட்டி வைக்க முடியாது.

ஆனால் வாதி தரப்பிலும் நியாயம் இருந்தது. குடுவையில் வருவது பெரிய உயிரி உலையில் அப்படியே வராது. காற்றோட்டம், சர்க்கரை அளவு, வேர் நசுங்காமல் கலக்கும் வேகம் இவற்றைக் கண்டுபிடிக்க அவர்கள் செலவழித்த பணமும் உழைப்பும் அவர்களுடையதே. நிறுவனத்தின் உற்பத்தித் தொகுதிப் பதிவேடுகளின் நகல் கையில் இருந்தால் உடனே ஒப்படைத்துவிடும்படி கட்சிக்காரரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். ஒப்படைத்தார்.

தொழில் ரகசியத்துக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. பிழைப்பைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. டயர் நூல் ஆலை ஊழியர் கோலிகாரியின் வழக்கில், பணிக்காலத்துக்குள் போட்டியாளரிடம் போகக் கூடாது என்ற தடை செல்லும் என்று 1967-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஒப்பந்தம் முடிந்த பிறகு அப்படிக் கட்டிப்போட முடியாது என்பதை கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கில் 2006-இல் தெளிவாக்கியது. இந்த இரண்டையும் வைத்தே வாதாடினேன்.

வேலைக்குத் தடை கேட்ட மனு தள்ளுபடியானது. வாதியின் பதிவேடுகளையும் உலை அளவீடுகளையும் யாருக்கும் தரக் கூடாது என்ற உத்தரவு மட்டும் பிரதிவாதிமேல் நின்றது. இரு தரப்பும் மேல்முறையீடு செய்யவில்லை.