மோரிஸ் மைனர் விற்பனைக்கு... துரு இலவசம்!

ஆக்ஸ்ஃபோர்டுன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? டிக்‌ஷனரி, கறுப்பு கவுன், ஹாரி பாட்டர் படத்துல வர்ற அந்தப் பெரிய மாடிப்படி... எல்லாம் கரெக்ட்தான். அதைப் பார்த்து முடிச்சதும் ஹை ஸ்ட்ரீட்ல அப்படியே கிழக்கே நடங்க. மாட்லின் பாலம் வரும் (எழுதறது மாக்டலன், வாசிக்கிறது மாட்லின். வெள்ளைக்காரங்க அப்படித்தான்!). அதைத் தாண்டினா கௌலி ரோடு. கவுன் காணாமப் போயிடும். பிரியாணி வாசனை வரும், சைக்கிள் கடை வரும், பஞ்சர் ஒட்டுற ஆளு வருவாரு. இது இன்னொரு ஆக்ஸ்ஃபோர்டு. கையில கிரீஸ் ஒட்டுன ஆக்ஸ்ஃபோர்டு!

இந்தப் பக்கத்து ஹீரோ வில்லியம் மோரிஸ். காலேஜ் வாசலை மிதிக்காத ஆளு. 16 வயசுல சைக்கிள் ரிப்பேர்ல ஆரம்பிச்சு, 1913-ல் முதல் காரை வெளியே விட்டாரு. பேரு மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. பின்னாடி நஃபீல்டு பிரபு ஆகி, 1937-ல் பல்கலைக்கழகத்துக்குக் காசு கொடுத்து, தன் பேர்லயே ஒரு காலேஜ் ஆரம்பிக்க வெச்சாரு. சேர்ந்து படிக்கிறதைவிட இது கெத்து இல்லையா பாஸ்?

நான் தங்கியிருந்த வீட்டு ஓனர் தாத்தா, அந்த கௌலி ஃபேக்டரியில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவர் வீட்டு ஷெட்டுல ஒரு நீலக்கலர் மோரிஸ் மைனர். 1967 மாடல், நாலு கதவு சலூன், 1098 சி.சி. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு கிளட்ச் மிதிக்க முடியலை. "வித்துடலாம்"னு ஒரு நாள் டீ குடிச்சுக்கிட்டே சொன்னாரு. அந்த டீயை அவர் முடிக்கவே இல்லை.

மைனரை நீங்க போட்டோவுலயாவது பார்த்திருப்பீங்க. கொழுக்கட்டைக்கு நாலு சக்கரம் வெச்ச மாதிரி இருக்கும். துருக்கியில் பிறந்த அலெக் இஸிகோனிஸ் டிசைன் பண்ணி, 1948-ல் லண்டன் எர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில அறிமுகமானது. நஃபீல்டு பிரபுவுக்கே பிடிக்கலை. தண்ணியில உடைச்சு ஊத்தி வேகவெச்ச முட்டை மாதிரி இருக்குன்னு திட்டினாராம். கிட்டத்தட்ட நம்ம ஆஃப்பாயில்! கடைசி நேரத்துல, 'கார் ரொம்ப ஒல்லி'ன்னு இஸிகோனிஸுக்கே தோணி, மாதிரிக் காரை நடுவுல ரெண்டா அறுத்து, நாலு அங்குலம் விலக்கிப் பார்த்தாரு. அந்த நாலு அங்குலம்தான் பானெட் நடுவுல ஓடுற மேடான பட்டை. திட்டு வாங்குன அந்த முட்டைதான் பிரிட்டன்லயே முதல்முறையா பத்து லட்சத்தைத் தாண்டி வித்த கார். நம்ம அம்பாசடர் இதுக்கு அண்ணன் மாதிரி. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூணாவது சீரிஸ்தான் கல்கத்தா பக்கத்துல உத்தர்பாராவுக்கு வந்து, அம்பாசடராகி 2014 வரைக்கும் ஓடிச்சு.

விற்பனைக்கு வருவோம். தாத்தா மூணு வருஷமா மெக்கானிக்கல் வேலை எல்லாத்தையும் முடிச்சிருந்தாரு. எஞ்சினைப் பிரிச்சு, போர் போட்டு, புது பிஸ்டன். பிரேக் முழுக்கப் புதுசு. இதுல மாஸ்டர் சிலிண்டரை எங்க ஒளிச்சு வெச்சிருக்காங்க தெரியுமா? டிரைவர் காலுக்குக் கீழ, தரைக்கடியில! அதை வெளியே எடுக்க ஆன ரெண்டு நாள்ல, தாத்தாகிட்ட இருந்து நான் கத்துக்கிட்ட இங்கிலீஷை இங்க எழுத முடியாது. முன் சக்கரத்தைத் தாங்குற ட்ரன்னியனும் புதுசு. அதுக்கு கிரீஸ் வைக்க மறந்தா மரை தேஞ்சு, ஒரு நாள் சக்கரம் மடங்கி ரோட்டுல படுத்துக்கும்.

ஆனா பாடி? வெளியில பளபளா. குனிஞ்சு பார்த்தா பேஜார். கதவுக்குக் கீழ ஓடுற சில், பின் ஸ்பிரிங் மாட்டுற இடம், ரெண்டுலயும் துரு. முன்னாடி வெச்சிருந்த யாரோ அதுமேல பட்டி பூசி பெயின்ட் அடிச்சிருந்தாங்க. காந்தத்தை வெச்சா ஒட்டாம 'பொத்'துன்னு கீழ விழும்.

விளம்பரம் எழுதற வேலை எனக்கு. 'எஞ்சின் புதுசு, பிரேக் புதுசு, அருமையான கண்டிஷன்'னு எழுதிக் காட்டினேன். தாத்தா பேனாவை வாங்கி 'அருமையான கண்டிஷ'னை அடிச்சுட்டு, துரு இருக்கிற இடத்தையெல்லாம் ஒவ்வொண்ணா எழுதினாரு. "தாத்தா, இதைப் படிச்சா ஒருத்தனும் வர மாட்டான்"னேன். "பிரேக்கை நான் மாட்டினேன், அதை நம்பித்தானே ஒருத்தன் குடும்பத்தோட ஏறப்போறான்? ஸ்பிரிங் பிச்சுக்கிட்டா பிரேக் என்ன செய்யும்?"னாரு. எனக்குப் பதில் வரலை.

அதோட விட்டாரா? அங்க 2018-லேருந்து, 40 வயசு தாண்டின, பெரிசா மாத்தாத கார்களுக்கு வருஷாந்திர எம்.ஓ.டி. டெஸ்ட் கட்டாயம் இல்லை. ஆனாலும் இவரா காசு கட்டி டெஸ்ட்டுக்கு அனுப்பினாரு. ஃபெயில்! காரணம், அந்த ஸ்பிரிங் மாட்டுற இடம். அந்தச் சீட்டையும் விளம்பரத்தோட சேர்த்தாச்சு. விலை 4,500 பவுண்டுன்னு நினைச்சிருந்தது 3,000-க்கு இறங்கிடுச்சு.

முதல்ல வந்தவர் கோட் பாக்கெட்டுல காந்தத்தோட வந்தாரு. நாலு இடத்துல வெச்சாரு, உதட்டைப் பிதுக்கினாரு, 1,500-க்குக் கேட்டாரு. தாத்தா தலையாட்டிட்டு உள்ள போயிட்டாரு. அடுத்த மூணு வாரம் போன்கூட அடிக்கலை. 'நான் அப்பவே சொன்னேன்ல'ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. மழை வேற விடாம பெய்யுது. ஷெட்டு ஒழுகுது, துருவுக்குக் கொண்டாட்டம்!

நாலாவது வாரம் ஒரு பொண்ணு வந்தாங்க. என்னைவிட ரெண்டு மூணு வயசு கூட இருக்கும். வந்ததும் காருக்கடியில படுத்தாங்க. பத்து நிமிஷம் காலு மட்டும்தான் தெரிஞ்சுது. எழுந்து வந்து, "நீங்க எழுதினதைவிட ஒரு ஓட்டை கூட இருக்கு"ன்னாங்க. போச்சுடான்னு நினைச்சேன். "பரவாயில்லை, நான் வெல்டர். தகரம் என் வேலை, எஞ்சின்தான் எனக்கு வராது"ன்னாங்க. அந்தக் கூடுதல் ஓட்டைக்காக தாத்தா தானாவே இன்னும் 100 பவுண்டு குறைச்சாரு. நான் தலையில அடிச்சுக்கிட்டேன்.

ஃபெயிலான காரை ரோட்டுல ஓட்டக் கூடாதுன்னு டிரெய்லர் கொண்டுவந்திருந்தாங்க. பதிவுப் புத்தகத்துல இருக்கிற பச்சைச் சீட்டைக் கிழிச்சு அவங்ககிட்ட கொடுத்ததும் பேப்பர் வேலை ஓவர். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி மெதுவா டிரெய்லர்ல ஏத்தினாங்க. ஆக்ஸிலேட்டர்லேருந்து காலை எடுத்தா மைனரோட சைலன்ஸர் 'பர்ர்ர்'னு ஒரு சத்தம் போடும், சின்னப் பசங்க உதட்டை வெச்சு விளையாடற மாதிரி. அது கேட்டதும் தாத்தா சிரிச்சாரு. "கிரீஸ்... ட்ரன்னியனுக்கு கிரீஸ் மறக்காதே"ன்னு டிரெய்லர் பின்னாடி நாலடி நடந்தாரு, அந்த முழங்காலோட.

நீங்க ஆக்ஸ்ஃபோர்டு போனா கௌலிக்கும் ஒரு எட்டு போயிட்டு வாங்க. மைனர் செஞ்ச பழைய கட்டடங்கள்ல பெரும்பகுதியை 1990-கள்ல இடிச்சுட்டாங்க, அங்க இப்போ ஆபீஸ் வளாகம். பக்கத்துலயே பி.எம்.டபிள்யூ-வோட மினி ஃபேக்டரி. ஊருக்குள்ள லாங்வால் ஸ்ட்ரீட்ல மோரிஸோட பழைய கராஜ் முகப்பு மட்டும் அப்படியே நிக்குது. தாத்தா ஷெட்டுலயும் எண்ணெய்க் கறை இன்னும் இருக்கு. அதுமேல சைக்கிளை நிறுத்தாதேன்னு என்கிட்ட சொல்லிட்டாரு.