மிதவைக் கிண்ணம் எந்தக் காற்றில் இருக்கிறது?

இன்ஜினுக்குப் போடும் பெட்ரோலைப் பற்றிப் பேச ஊரெல்லாம் ஆள் உண்டு. அது குடிக்கும் காற்றைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. காசு கொடுத்து வாங்காத பொருளுக்கு அவ்வளவுதான் மரியாதை போலும். சிறு விமானங்களில் பரவலாக இருக்கும் ரோட்டாக்ஸ் 912 யூ.எல்.எஸ். இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். 1,352 சி.சி., 100 குதிரைத் திறன். நிமிடத்துக்கு 5,500 சுற்றில், சிலிண்டர்கள் முழுதாக நிரம்புவதாக வைத்தால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,700 லிட்டர் காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது, எவ்வளவு சூட்டோடு, எந்த அழுத்தத்தோடு வருகிறது என்பதையெல்லாம் முடிவு செய்வது ஏர்பாக்ஸ் என்கிற ஒரு பெட்டி.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தகட்டு வேலை பார்த்தே வயதானவன் நான். ரீ-ரோலிங் மில்லுக்குப் புகைக்கூண்டு, தூசி உறிஞ்சும் டக்ட், ஹாப்பர் என்று காற்று போகிற வழிகளைத்தான் வாழ்நாளெல்லாம் வளைத்துக் கொடுத்திருக்கிறேன். அதனால்தான் பெங்களூரில் நண்பர்களோடு சேர்ந்து கிட் விமானம் ஒன்றைப் பூட்டிக்கொண்டிருக்கும் என் தங்கை மகன், ஏர்பாக்ஸ் வேலைக்கு என்னைத் தேடி வந்தான். (கிட் விமானம் என்றால் வெள்ளைக்காரன் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். பெங்களூரின் ராஜ் ஹம்சா நிறுவனம் எக்ஸ்-ஏர் விமானத்தின் கிட்டுகளை வெளிநாடுகளுக்கே அனுப்பியிருக்கிறது.)

"தகரப் பெட்டிதானே மாமா, ஒரு நாள் வேலை" என்றான்.

பெட்டி இல்லாமலும் ஓட்டலாம். காற்றில் பெட்ரோலைக் கலந்து கொடுக்கும் இரண்டு கார்புரேட்டர்களுக்கும் ஆளுக்கொரு கூம்பு ஃபில்டரை மாட்டிவிட்டால் இன்ஜின் ஓடும். ஆனால் அது இழுப்பது இன்ஜினை மூடியிருக்கும் கவுலிங்குக்குள் வெந்துகொண்டிருக்கும் காற்றை. வெளியே 35 டிகிரி, உள்ளே 65 டிகிரி என்றால், அதே கொள்ளளவில் காற்றின் எடை ஒன்பது சதவீதம் குறைந்துவிடும். திறனும் கூடவே இறங்கும். சித்திரை வெயிலில், ஓடுபாதையின் கடைசியில் மரங்கள் நிற்கும்போது, அந்தக் குறை சின்னதாகத் தெரியாது.

சரி, வெளிக்காற்றை நேரே கார்புரேட்டர் வாயில் பாய்ச்சிவிடலாமே என்றால், அதுவும் கூடாது. வேகமாக வரும் காற்று சுழன்று வரும். ஒரு கார்புரேட்டருக்கு அதிகம், இன்னொன்றுக்குக் குறைவு என்று ஆகிவிடும். பழைய வீடுகளில் தெருவுக்கும் கூடத்துக்கும் நடுவே ரேழி இருக்குமே, அதுபோலப் பெட்டிக்குள் காற்று கொஞ்சம் நின்று, ஓசை அடங்கி, பிறகு உள்ளே போக வேண்டும். ஃபில்டரையும் விடக்கூடாது. எங்கள் பக்கத்துச் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளத்தில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்கள் நடத்திய காலம் உண்டு. பந்தய வண்டிக்காரர்கள் ஃபில்டரைக் கழற்றி எறிவதில் பெருமைப்படுவார்கள். சில சுற்றுகளில் முடிகிற பந்தயத்துக்கு அது பொருந்தும். ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட வேண்டிய இன்ஜினுக்குப் பொருந்தாது.

தங்கை மகன் கொண்டுவந்த படத்தில் எல்லாம் இருந்தது, ஒன்றைத் தவிர. கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் மிதவைக் கிண்ணத்திலிருந்து சின்ன வென்ட் குழாய் ஒன்று வரும். "இது எங்கேடா போகுது?" என்றேன். "அது சும்மா மாமா, கவுலிங்குக்குள்ள தொங்கட்டும்."

சும்மா இல்லை. கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை யாரும் மேலே இழுப்பதில்லை. கிண்ணத்துக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம்தான் அதை ஜெட் வழியாகத் தள்ளுகிறது. கிண்ணத்தின் அழுத்தத்துக்கும் கார்புரேட்டர் தொண்டையின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசமே எவ்வளவு பெட்ரோல் என்பதை நிர்ணயிக்கிறது. விமானம் மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் போகும்போது, முன்னே பார்த்த காற்றுவாயில் 15 செ.மீ. நீர்மட்ட அளவு வரை அழுத்தம் கூடக்கூடும். அந்த அழுத்தம் ஏர்பாக்ஸில் ஏறி, கிண்ணம் மட்டும் கவுலிங்குக்குள் இருக்கும் வேறு அழுத்தத்தில் கிடந்தால், தள்ளும் விசை குறையும். காற்று கூடும், பெட்ரோல் கூடாது. கலவை மெலியும், சிலிண்டர் சூடேறும். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் இதற்கு நேர் எதிர்: பெட்டிக்குள் அழுத்தம் இறங்கும், பெட்ரோல் மிஞ்சும், பிளக்கில் கரி படியும். இதில் மோசம் என்னவென்றால், ஃபில்டர் சுத்தமாக இருக்கும்போது தரையில் கட்டிப்போட்டு ஓட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். பறக்கும்போதுதான் கோளாறு தலைகாட்டும். அந்தக் குழாயை ஏர்பாக்ஸுக்குள்ளேயே செருக வேண்டும் என்று சொல்வதன் காரணம் இது.

இதே விதியை டர்போ இன்ஜினிலும் பார்க்கலாம். பெங்களூரின் அரசு விமான ஆய்வகமான என்.ஏ.எல். வடிவமைத்து, 2000-ல் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் சான்று பெற்ற ஹன்சா-3 விமானத்தில் டர்போ வைத்த ரோட்டாக்ஸ் 914 இருக்கிறது. டர்போ காற்றை அழுத்தி ஏர்பாக்ஸுக்குள் திணிக்கும். அதில் மிதவைக் கிண்ணம் மட்டுமல்ல, பெட்ரோல் அழுத்தமே ஏர்பாக்ஸைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும்; பெட்டியின் அழுத்தத்தைவிட 0.25 பார் கூடுதலாக. பெட்டி ஏறினால் பெட்ரோலும் ஏறும், இறங்கினால் இறங்கும். அடுத்து வந்த ஹன்சா-என்.ஜி. 2022-ல் புதுச்சேரிக்குப் பறந்து வந்து கடல்மட்டச் சோதனைகளை முடித்தது. அதில் கார்புரேட்டரே கிடையாது, எல்லாம் எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷன். அங்கேயும், உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தையும் சூட்டையும் பார்க்கும் சென்சார்கள் அந்தக் காற்றுக்குள்ளேயேதான் உட்கார்ந்திருக்கின்றன.

அளந்து கொடுக்கிறவன் வாங்குகிறவனின் காற்றிலேயே இருக்க வேண்டும் என்பது மனிதர்கள் விஷயத்திலும் நான் பார்த்ததுதான். மே மாதத்தில் ஃபர்னஸ் பக்கம் நிற்பவனுக்கு எத்தனை இடைவேளை வேண்டும் என்பதை, நகரத்தில் ஏ.சி. அறையில் இருப்பவர் முடிவு செய்வார். அவர் கெட்டவர் இல்லை, கணக்கிலும் தப்பு இருக்காது. அவர் மூச்சு விடுவது வேறு காற்றில். எனக்குத் தெரிந்த ஃபோர்மேன் ஒருவர், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் வேலை செய்யும் இடத்திலேயே நாற்காலி போட்டு லாக் புக் எழுதுவார். அறைக்குள் போய் எழுதக் கூடாதா என்றால், "இங்க இருந்தாத்தான் கை சரியா எழுதுது" என்பார். அவர் ஷிஃப்டுக்குப் போக ஆட்கள் போட்டி போட்டார்கள். குடும்பத்திலும் இதே கதைதான். துபாயிலிருந்து வீடியோ காலில் அப்பாவின் பத்தியத்தை நடத்தும் பிள்ளைகளும், பேரனின் படிப்புக்குத் தன் காலத்து அளவில் மருந்து சொல்லும் தாத்தாக்களும் அன்பில்லாதவர்களா என்ன? குழாய் வேறெங்கோ தொங்குகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்டியின் அடியில் வடிகால் வேண்டும். கார்புரேட்டர் வழிந்தால் பெட்ரோல் சைலன்சர் மேல் சொட்டாமல் தள்ளிப் போய் விழ வேண்டும். பெட்டியின் பாரத்தைக் கார்புரேட்டரின் ரப்பர் சாக்கெட் சுமக்கக் கூடாது, தனித் தாங்கி கொடுங்கள். அந்த ரப்பரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது ரோட்டாக்ஸ். பார்க்க நன்றாக இருக்கிறதே என்று விடாதீர்கள். சூடான காற்றுக்கு ஒரு மாற்று வழியும் கதவும் வையுங்கள். நம் ஊரில் பனிக்கட்டியா என்று சிரிப்பார்கள். பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டருக்குள் சூடு 20 டிகிரிக்கு மேலும் இறங்கும். பழவேற்காடு பக்கத்து ஈரக்காற்றில், இன்ஜினைத் தணித்து இறங்கும் நேரத்தில், உள்ளே பனி பிடிக்க அது போதும். ஃபில்டரைத் தாண்டிய பகுதியில் தளர்ந்த ரிவெட், தகட்டுத் துகள் எது இருந்தாலும் அது போய்ச் சேரும் இடம் சிலிண்டர்தான்.

விமானம் கட்டும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். மெல்லிய அலுமினியத் தகட்டை ஓட்டை விழாமல் டிக் வெல்டிங் செய்யும் பையன்கள் கும்மிடிப்பூண்டியிலும் காக்களூரிலும் இருக்கிறார்கள். படத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். இன்ஜினை ஒருமுறை அவர்கள் கண்ணில் காட்டுங்கள், எந்தக் குழாய் எதற்கு என்று சொல்லுங்கள், வேலை முடியும்வரை பட்டறையில் கூட நில்லுங்கள்.