சிவக்கும் வரையில்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு வந்து, அங்கிருந்து இன்னொரு பேருந்து பிடித்தால் எங்கள் நாகலூர். சேர்வராயன் மலைக்கு வருவோர் பெரும்பாலும் கோடையில் வருகிறார்கள். ஏரியையும் படகையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மலையின் உண்மையான அழகு கார்த்திகையிலும் மார்கழியிலும்தான் என்பது என் கட்சி. அப்போதுதான் பனி இறங்கும், காப்பி பழுக்கும், எங்கள் வீட்டில் கிறிஸ்து பிறப்புக்குக் காத்திருக்கும் காலமும் தொடங்கும்.

இக்காலத்தைக் கோயிலில் இப்போது 'திருவருகைக் காலம்' என்கிறார்கள். என் ஆயாவுக்கு அது இன்றும் 'ஆகமன காலம்'தான். நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும் ஞாயிறன்று தொடங்கி, நான்கு ஞாயிறுகளைக் கண்டு முடியும். கிறிஸ்துமஸ் என்றதும் கேக்கும் நட்சத்திரமும் நினைவுக்கு வரும் நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முந்திய இந்த வாரங்கள் நோன்பின் சாயல் கொண்டவை. குருவானவர் ஊதா நிற உடை அணிவார். பூசையில் வானவர் கீதம் பாடுவதில்லை. வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை. எங்கள் வீட்டில் கூடுதலாக ஒரு சட்டம் உண்டு: இருபத்து நான்காம் தேதி இரவு வரை பலகாரச் சட்டி அடுப்பேறாது! ஒவ்வொரு வேளையும் உலையில் போடும் அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட வேண்டும். பண்டிகைக்கு முதல் நாள் அந்தப் பானை யார் வீட்டுக்குப் போகும் என்பது ஆயாவுக்கு மட்டுமே தெரிந்த இரகசியம்.

கோயில்களில் பசுந்தழை வளையத்தில் நான்கு மெழுகுவத்திகள் வைத்து, வாரத்துக்கு ஒன்றாக ஏற்றுகிறார்கள். 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர்க்கு இல்லம் நடத்திய விக்கர்ன் என்னும் போதகர், 'கிறிஸ்துமஸ் எப்போது?' என்று நச்சரித்த பிள்ளைகளுக்கு நாள் எண்ணிக்காட்ட ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவத்திகளை வைத்தாராம். அங்கிருந்து பரவிய வழக்கம் இது. எங்களிடம் சக்கரம் ஏது? பக்கத்து வீட்டு அத்தை கார்த்திகை தீபத்துக்கு வாங்கும் அகல்களில் நான்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். ஒரு பழைய முறத்தில் தழையைப் பரப்பி அகல்களை வைப்போம். தழைக்காகக் கிளை வெட்டக் கூடாது. கார்த்திகைக் காற்றில் சில்வர் ஓக் கிளைகள் தாமாகவே ஒடிந்து விழும். "வெட்டினது வேணாம் கண்ணு, விழுந்தது போதும்" என்பாள் ஆயா.

குடிலுக்கும் இப்படி ஒரு சட்டம். பாறையிலும் மரத்திலும் படர்ந்திருக்கும் பாசியைப் பாயாக உரித்து வந்து குடிலில் விரிப்பது பலரும் செய்வதுதான். பார்க்க அழகுதான், ஆனால் அப்படி உரித்த இடம் மறுபடி பச்சையாகப் பல ஆண்டுகள் ஆகும். மரத்தில் ஒட்டி வாழும் ஆர்க்கிட் செடிகளின் தூசி போன்ற விதைகள் முளைப்பதற்கு ஏற்ற ஈரமும் அந்தப் பாசிப் படுகையில்தான் இருக்கிறது. ஆர்க்கிட்டுகளைப் பேணுவதற்கென்றே 1963இல் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் ஏற்காட்டில் ஒரு தோட்டம் அமைத்தது. அந்த மலையில் பாசியை உரிக்கலாமா? நாங்கள் மூன்றாம் ஞாயிறன்று கொட்டாங்குச்சிகளில் கேழ்வரகு விதைக்கிறோம். முளைப்பாரி போலத்தான். பண்டிகைக்குள் குழந்தை இயேசுவைச் சுற்றி இளம்பச்சை எழும்பிவிடும். பிரான்சின் தென்பகுதியில் டிசம்பர் 4 அன்று கோதுமையை இப்படித் தட்டில் முளைக்க வைக்கும் வழக்கம் உண்டு என்று பின்னர் படித்து வியந்தேன். மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்ததும் எங்கள் முளைகள் ஆட்டுக்குப் போகும். ஆடும் ஆகமன காலம் அனுசரிக்கிறது என்று தம்பி கேலி செய்வான்.

வாசலில் ஒரு பாயின்செட்டியாச் செடி. சிவந்து தெரிவது பூவன்று, இலையே. நீண்ட இரவுகள் தொடர்ந்து வந்தால்தான் அந்த இலை நிறம் மாறும். இடையில் விளக்கு வெளிச்சம் பட்டால் தடைப்பட்டுவிடும். தம்பி அதன் மேலேயே நட்சத்திரத்தைத் தொங்கவிட்டு விடிய விடிய எரியவிட்ட ஆண்டில், ஒரு பக்கம் சிவந்து மறுபக்கம் பச்சையாகவே நின்றது. இருட்டும் வேண்டியிருக்கிறது என்று அன்றுதான் நேரில் கண்டோம். இப்போது ஜெபமாலை முடிந்ததும் நட்சத்திரம் அணைந்துவிடும்.

இனிக் காப்பிக்கு வருகிறேன். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இம்மலைக்குக் காப்பியைக் கொணர்ந்தார் என்பர். எங்களுக்கு இருப்பது அரை ஏக்கர். மார்ச், ஏப்ரல் மழைக்குப் பூத்தது எட்டொன்பது மாதம் கழித்தே பழமாகும். மார்ச் 25 மங்கள வார்த்தைத் திருநாள். டிசம்பர் 25 கிறிஸ்து பிறப்பு. "மாதாவுக்கும் காப்பிச் செடிக்கும் ஒரே கணக்கு" என்பாள் ஆயா. இதைத் தாவரவியல் தேர்வில் எழுத முடியாதுதான். ஆனால் கணக்கில் பிழை இல்லை! ஒரே கொத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் இருக்கும். சிவந்ததை மட்டும் கிள்ளி எடுத்து, மற்றதை விட்டு, மீண்டும் மீண்டும் வர வேண்டும். உச்சிக் கொத்தை ஆயா பறிக்கவே விடமாட்டாள். அது மரநாய்க்கும் கொண்டைக்குருவிக்கும்.

சென்ற ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் ஒரு வியாபாரி வந்தார். காயும் பழமுமாக ஒரே தடவையில் உருவிக் கொடுத்தால் கையோடு பணம் என்றார். என் விடுதிக் கட்டணத்துக்குக் கெடு நெருங்கியிருந்தது. வங்கக் கடலில் புயல் சின்னம் என்று செய்தி வேறு. மழை வந்தால் பழம் வெடித்து உதிரும். களத்தில் காய்வதும் பூஞ்சை பிடிக்கும். அப்பா உருவிவிடலாம் என்றார்.

"சிவக்காததைப் பறிக்காதே சாமி. கணு காயமாகும், செடி பாவம்."

"செடிக்குப் பாவம் பார்த்தா, பிள்ளைக்கு யாரும்மா பார்க்கிறது?"

ஆயா பதில் சொல்லவில்லை. அப்பா கேட்டதில் தவறு என்ன? இருவர் சொன்னதும் நியாயமாகவே பட்டது எனக்கு. இரண்டு நாள் வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. மூன்றாவது அகல் ஏற்றிய அன்று, செபம் முடிந்து எழுந்தபோது, அம்மா தன் தோடுகளைக் கழற்றி முறத்தின் ஓரத்தில் வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் அப்பா ஏற்காட்டுக்குப் போய் அடகு வைத்து வந்தார், கட்டணம் கட்டியாயிற்று.

மழை வராமலில்லை. இரண்டு நாள் அடித்துப் பெய்தது. பழுத்ததில் ஒரு பகுதி உதிர்ந்து மண்ணில் கிடந்தது. பொறுக்கியதில் அரை மூட்டைக்கு நல்ல விலை கிடைக்கவில்லை. அப்பா யாரையும் குறை சொல்லவில்லை. மீதியை மட்டும் பொங்கல் வரை மூன்று சுற்றாகப் பறித்தோம். நடுச்சாமப் பூசைக்கு அம்மா காதில் வேப்பங்குச்சியோடுதான் வந்தாள். சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டிருந்ததால் வெளியே தெரியவில்லை. பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த எனக்குத் தெரிந்தது.

மார்ச் மாதம் ஒரு நல்ல மழை. ஒன்பதாம் பத்தாம் நாள் தோட்டம் முழுதும் வெள்ளை வெளேரென்று பூத்து, மல்லிகை போல மணம் வீடு வரை வந்தது. கணுவுக்குக் கணு பூ. அந்த வாரம்தான் காப்பிப் பணம் முழுவதும் கைக்கு வந்து, அப்பா தோடுகளை மீட்டு வந்தார். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டிருந்தாள். ஆயா பூத்த கிளை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, ஏப்ரல், மே, ஜூன் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.