திருச்செந்தூரில் வாங்கிய நகை

ஆவணித் திருவிழாக் கூட்டம் கலைந்த பிறகு, நானும் என் மகளும் திருச்செந்தூர் போய் வந்தோம். சுவாமி தரிசனம் ஒரு காரணம். இன்னொன்று, நகைக்குச் சாமான் வாங்குவது. தங்கம் இல்லை சகோதரிகளே, சிப்பியும் பாசியும்தான்!

கல்லூரியில் படிக்கும் என் மகளுக்குக் கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகி நீர் வடியும். "மலிவான நகைகளில் இருக்கும் நிக்கல் இவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தோலில் படுவது தங்கமோ வெள்ளியோவாக இருக்கட்டும்" என்றார் தோல் டாக்டர். இன்று தங்கம் விற்கிற விலையில் சேலைக்கு ஒரு கம்மல் வாங்க நம்மால் ஆகுமா? வெள்ளிக் கொக்கி மட்டும் வாங்கிக்கொண்டு, மற்றதை அவளே கோத்துப் போட ஆரம்பித்தாள்.

அதோடு விட்டாளா? கடிகாரச் சக்கரங்களை வைத்துச் செய்யும் 'ஸ்டீம்பங்க்' நகையும் வேண்டுமாம். நீராவி எஞ்சின் காலத்துச் சாமான் போலத் தோன்றும் அலங்காரம் அது. 1987-ல் கே. டபிள்யூ. ஜீட்டர் என்ற அமெரிக்க எழுத்தாளர் ஒருவகைக் கதைகளுக்கு வைத்த பெயர், நகைக்கும் ஒட்டிக்கொண்டது. "எம்மா, தாத்தா வாட்ச் ஓடாமத்தானே கிடக்கு, தாயேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. என் அப்பா காலமாகும்வரை கட்டியிருந்த எச்.எம்.டி. ஜனதா வாட்ச் அது. "பேசாம இருட்டி" என்று அதட்டிவிட்டேன். ஆனாலும், போகும் வழியில் ரிப்பேர் கடையில் காட்டலாமென்று கைப்பையில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்துக் கடைப் பெரியவர் வாட்சைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்கு இப்ப சாமான் கிடைக்காதும்மா. சாயங்காலம் வாங்க, பார்த்து வைக்கேன்" என்றார்.

அங்கிருந்து திருச்செந்தூர் சுமார் 60 கிலோமீட்டர். ரயிலில் போனால் வயலும் வாழையும் கூடவே வரும். செய்துங்கநல்லூர் தாண்டியதும், தாமிரபரணியின் தென்கரையில் ஆதிச்சநல்லூர். 1899 முதல் 1905 வரை அலெக்ஸாண்டர் ரீ அங்கே தோண்டியபோது, முதுமக்கள் தாழிகளோடு மெல்லிய பொன் நெற்றிப்பட்டங்களும் இரும்பு, வெண்கலச் சாமான்களும் கிடைத்தன. இதைச் சொன்னதும், "அந்தக் காலத்திலேயே பொன்னும் இரும்பும் ஒண்ணாத்தான் இருந்திருக்கு, பாத்தியா?" என்று என்னை மடக்கினாள்.

ஏரல் பக்கத்தில்தான் பாண்டியர்களின் முத்துத் துறைமுகமான கொற்கை. கடல் விலகிப்போய் இன்று அது உள்ளூர். தூத்துக்குடி முத்துக்குளிப்பும் 1961-ஓடு நின்றுவிட்டது. ஆகவே கடற்கரைக் கடையில் முத்து மாலை மலிவாகக் கிடைத்தால் மயங்காதீர்கள். முத்தைப் பல் நுனியில் மெல்ல உரசிப் பாருங்கள். அசல் என்றால் மணல்போல் நெருடும். போலி வழவழவென்று போகும்.

தரிசனம் முடித்து, நாழிக்கிணற்றில் நீராடிவிட்டுக் கடைகளுக்குப் போனோம். சோழி, சங்கு, சிப்பி மாலை, கலர் பாசிச் சரம், பனையோலைப் பெட்டி என்று எது வேண்டும் உங்களுக்கு? சிறு வயதில் அப்பா எனக்குச் சிப்பி மாலை வாங்கித் தந்ததும் இந்த மாதிரி ஒரு கடையில்தான். கடை ஆச்சி, "முழுக்கச் சிப்பியாக் கோக்காத பிள்ள, காது இழுக்கும். ஒரு சிப்பி, நாலு பாசின்னு கோரு" என்று சொல்லிக்கொடுத்தார். எல்லாமாக 300 ரூபாய்க்குள் முடிந்தது. பவளம் மட்டும் கேட்காதீர்கள். கடற்பவளப் பாறைகளும் சில சங்கு வகைகளும் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டுவிட்டன.

கரையோரம் நடந்தால் காசில்லாமலும் கிடைக்கும். சில சிப்பிகளில் ஊசியால் குத்தினதுபோல் வட்டத் துளை இருக்கும். ஒருவகைக் கடல் நத்தை, சிப்பியைத் துளைத்து உள்ளே இருக்கும் சதையைத் தின்றுவிட்டுப் போன அடையாளம் அது. நமக்குத் துளை போடும் வேலை மிச்சம்! உயிருள்ளதைத் தொடாமல் வெறும் ஓட்டை மட்டும் எடுங்கள். வீட்டில் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். புளியோ எலுமிச்சையோ கூடாது. சிப்பி சுண்ணாம்புதானே, புளிப்பு அரித்துவிடும். பாசி கோக்க, நூல் முனையில் நகப்பாலிஷ் தொட்டுக் காயவையுங்கள், அதுவே ஊசியாகிவிடும்.

சாயங்காலம் பெரியவர் வாட்சின் உள்ளே காட்டினார். பித்தளைச் சக்கரங்களுக்கு நடுவே கடுகுபோல் சிவப்புப் பொட்டுகள். "17 ஜூவல்னு எழுதியிருக்கே, அது இதுதான். செயற்கை மாணிக்கம். சக்கரம் தேயாம இருக்க வைப்பாங்க" என்றார். 1961-ல் பெங்களூரில் வாட்ச் தயாரிக்கத் தொடங்கிய எச்.எம்.டி.யின் வாட்ச் நிறுவனத்தை 2016-ல் மூட முடிவு செய்துவிட்டார்கள். இனி இது ஓடாது என்று அப்போதுதான் என் மனம் ஒத்துக்கொண்டது. டயலையும் கூட்டையும் நான் வைத்துக்கொண்டு, சக்கரங்களை மகளிடம் கொடுத்தேன்.

பெரியவர் இரண்டு எச்சரிக்கை சொன்னார். இருட்டில் ஒளிரும் முள், டயல் உள்ள மிகப் பழைய வாட்சைப் பிரிக்கக் கூடாது. அந்தப் பூச்சில் ரேடியம் இருக்கலாம். பேட்டரி வாட்ச் என்றால் பொத்தான் பேட்டரியைக் குழந்தைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். தவழும் பிள்ளை உள்ள வீட்டில் பாசி டப்பாவும் உயரத்திலேயே இருக்கட்டும்.

வெள்ளைச் சிப்பியின் குழிவில் ஒரு சிறு சக்கரத்தை ஒட்டி, சக்கரம் தோலில் படாதபடி டாலராக்கியிருக்கிறாள் மகள். அப்பா வாங்கித் தந்த சிப்பி மாலை எங்கே தொலைந்ததோ! அவர் வாட்ச் இப்போது பேத்தியின் கழுத்தில் இருக்கிறது. காதும் ஆறிவிட்டது.

அடுத்த முறை திருச்செந்தூர் போனால், பன்னீர் இலை விபூதியோடும் உடன்குடிக் கருப்பட்டியோடும் ஒரு சரம் சிப்பியும் வாங்கி வாருங்களேன்.