ஷீட் மேல ஏறாதீங்க

மழைக்கு முன்னாடி ஒரு த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

வண்டலூர், ஊரப்பாக்கம், மண்ணிவாக்கம் பக்கம் இப்ப எந்தத் தெருவுல நின்னு அண்ணாந்து பார்த்தாலும் மொட்டை மாடியில ஒரு ஷீட் ரூம் இருக்கும். கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு 2023 டிசம்பர் கடைசியில திறந்தாங்க. அதுக்கப்புறம் வாடகைக்கு விடறதுக்குன்னே மாடியில நாலு பைப் நட்டு, மேல சிமெண்ட் ஷீட்டோ கலர் ஷீட்டோ போட்டுடறாங்க. தப்பு சொல்லல. கான்கிரீட் போட எல்லார்கிட்டயும் காசு இருக்கா?

நான் பேச வந்தது அந்தக் கூரைக்கு மேல ஏறுற ஆளைப் பத்தி.

அமெரிக்கப் படங்கள்ல சரிஞ்ச கூரை மேல ஆள் நடந்து போய் ஆணி அடிப்பான், பார்த்திருப்பீங்க. அது தார் பூசின ஷிங்கிள்ஸ். ஃபைபர் கிளாஸ் பாய்ல தார் தடவி, மேல கல்துகள் ஒட்டியிருப்பாங்க. நம்ம பக்கம் இப்ப சில ரிசார்ட்லயும் பண்ணை வீட்லயும் போடறாங்க. ஷிங்கிள்ஸுக்குக் கீழ கூரை முழுக்க பலகை இருக்கும், ஆணி அடிக்கறதே அந்தப் பலகையிலதான். அதனால அங்க ஆள் விழுந்தா ஓரத்துல சறுக்கித்தான் விழணும். அதுக்கே 6 அடிக்கு மேல வேலை செஞ்சா விழாம இருக்க ஏற்பாடு கட்டாயம்னு அவங்க ஊர்ல விதி இருக்கு.

நம்ம சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழ பலகையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாலஞ்சு அடிக்கு ஒரு பர்லின் பைப், நடுவுல வெறும் காத்து. மழையைத் தாங்கும், ஆளைத் தாங்காது. வெயில்லயும் மழையிலயும் பத்து பதினஞ்சு வருஷம் கிடந்த ஷீட் அப்பளம் மாதிரி ஆயிடும். பாசி, தூசி, ஒழுகுற இடத்துல ஒட்டின தார் ஷீட் எல்லாம் விரிசலை மூடி வெச்சிருக்கும். வெளிச்சத்துக்காக நடுவுல போடற ஃபைபர் ஷீட் இன்னும் மோசம். அழுக்குப் படிஞ்சா மத்த ஷீட்டுக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியாது.

"போல்ட் வரிசை மேல கால் வெச்சு நடந்தா ஒண்ணும் ஆகாது சார்"னு எல்லா வெல்டரும் சொல்வாங்க. எங்க வார்டுல படுத்திருந்தவரும் அதைத்தான் சொன்னார். (ஊர், வயசு மாத்தியிருக்கேன்.) நாப்பது வயசு. புயலுக்கு அப்புறம் நாலு ஜே ஹூக் டைட் பண்ண ஏறினவர். கால் வழுக்குச்சு, ஒரு அடி தள்ளி வெச்சார், ஷீட்டோட உள்ள வந்துட்டார். 12 அடி இருக்கும். நேரா கால்ல விழுந்ததுல ரெண்டு குதிகாலும் உடைஞ்சுது.

உயரத்துல இருந்து விழுந்து குதிகால் உடைஞ்சு வந்தா நாங்க முதுகையும் சேர்த்துப் பார்ப்போம். விழுந்த வேகம் குதிகால்ல ஆரம்பிச்சு மேல ஏறி, இடுப்புக்குச் சற்று மேல முதுகெலும்பை நொறுக்கும். இவருக்கும் அப்படித்தான். ஆனா விழுந்த உடனே காலை அசைச்சாராம், பார்த்தவங்க சொன்னாங்க. ரெண்டு பேர் அக்குளையும் காலையும் பிடிச்சுத் தூக்கி, ஷேர் ஆட்டோவுல மடக்கி உட்கார வெச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. எங்ககிட்ட வரும்போது கால் அசையல. தூக்கினதாலதான்னு நான் அடிச்சுச் சொல்ல முடியாது. வீக்கத்தாலயும் அப்படி ஆகலாம். அவர் மனைவி வராண்டாவுல என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "திரும்ப வேலைக்கு ஏறுவாரா சார்?"

அதனால கெஞ்சிக் கேட்டுக்கறேன். விழுந்தவரை உட்கார வைக்காதீங்க, தண்ணி கொடுக்காதீங்க, ஹெல்ப் பண்றேன்னு காலை இழுத்து நீட்டி விடாதீங்க. 108 வர்ற வரைக்கும் கிடக்கிற இடத்துலயே கிடக்கட்டும். தலையும் கழுத்தும் ஆடாம ஒருத்தர் பிடிச்சுக்கிட்டாப் போதும்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு கேப்பீங்க. கட்டுமானத் தொழிலாளர்களுக்காக 1996-ல ஒரு சட்டம் வந்துச்சு. சொந்த வீட்டுக்கு 10 லட்சத்துக்குள்ள நடக்கற வேலை அதுக்குள்ள வராதுன்னு அதுலயே எழுதியிருந்தாங்க. மாடி ஷீட் வேலை பூரா அந்த ஓட்டையில விழுந்துடும். நல வாரியத்துல பதிவு பண்ணக் கட்டணம் கிடையாது. வேலைக்குக் கூப்பிடும்போதே "அண்ணா, கார்டு இருக்கா, புதுப்பிச்சீங்களா"ன்னு கேளுங்க. இவர்கிட்ட கார்டு இருந்துச்சு, புதுப்பிக்கல.

ஏறாம முடியாதான்னா, நிறைய வேலை முடியும். கீழ சாரமோ ஸ்டூல் மேடையோ போட்டு உள்பக்கமிருந்து ஷீட்டை மாத்தலாம். ஏறித்தான் ஆகணும்னா ரெண்டு மூணு பர்லின் மேல படியற மாதிரி நீளமான பலகை ரெண்டு வேணும், ஒண்ணுல நின்னுக்கிட்டு இன்னொண்ணை நகர்த்தணும். பெல்ட்டை ஷீட்டுல மாட்டாம தூண்ல மாட்டணும். மழை ஈரத்துல வேண்டவே வேண்டாம். வர்தா (2016 டிசம்பர் 12) மாதிரி புயல் அடிச்ச மறுநாளே ஏற அவசரப்படறோம். ஒரு நாள் தார்ப்பாய் கட்டிச் சமாளிங்க. தெருவுல கரண்ட் கம்பி மாடிக்குப் பக்கத்துல போகுதான்னும் பாருங்க. தகர ஷீட்டை நிமிர்த்தித் தூக்கும்போது கம்பியில பட்டா விழறதுக்கு முன்னாடியே முடிஞ்சிடும்.

இன்னொண்ணு, பழைய சிமெண்ட் ஷீட்னா அனேகமா கல்நார்தான். தலைக்கு மேல சும்மா கிடந்தா பெருசா பயப்பட வேண்டாம். கிரைண்டர் வெச்சு அறுக்கும்போது கிளம்புற தூசிதான் ஆபத்து. நுரையீரல் புற்றுநோயும், நுரையீரலை மூடியிருக்கற சவ்வுல வர்ற மீசோதீலியோமாவும் வரலாம். இருபது, முப்பது வருஷம் கழிச்சு வரும், அதனால யாரும் ஷீட்டோட முடிச்சுப் போட மாட்டாங்க. கல்நார் தொழிலாளர்களோட மருத்துவப் பதிவை வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து 40 வருஷம், இல்ல ஓய்வுக்கு அப்புறம் 15 வருஷம், எது பிந்தியோ அதுவரை வெச்சிருக்கணும்னு உச்ச நீதிமன்றம் 1995-லயே சொல்லிடுச்சு. தெருத் தெருவாப் போய் ஷீட் அறுக்கறவருக்கு யார் பதிவு வெச்சிருக்காங்க?

கழட்டும்போது தண்ணி தெளிச்சு நனைச்சுட்டு, போல்ட்டை எடுத்து முழுசா இறக்கச் சொல்லுங்க. உடைக்க வேண்டாம், காய்ஞ்ச தூசியைப் பெருக்க வேண்டாம், ஈரத் துணியில துடைங்க. சர்ஜிக்கல் மாஸ்க் இதுக்குப் போதாது. உடைஞ்ச துண்டைப் பசங்க தெருவுல கோடு போட்டு விளையாட எடுத்துட்டுப் போவாங்க, அதை மட்டும் விடாதீங்க.