சாட்சியும் சாய்வும்

ஒரு பெரிய படுகொலை நடந்த மறுநாள் காலையில் புலனாய்வு சரியாகத் தொடங்கியே இருக்காது. ஆனால் செய்தது யார் என்ற பதில் ஊரில் எல்லோர் வாயிலும் இருக்கும். 1991 மே 22-ஆம் தேதி தமிழ்நாடு அப்படித்தான் விடிந்தது. முந்தைய இரவு பத்து மணிக்கு மேல், ஸ்ரீபெரும்புதூர் தேர்தல் கூட்டத்துக்கு வந்த ராஜீவ் காந்தி மனித வெடிகுண்டால் கொல்லப்பட்டிருந்தார். அவரோடு 15 பேர் இறந்தார்கள். அவர்களில் 9 பேர் காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கள். 43 பேருக்குக் காயம்.

நான் அப்போது திருச்சியில் கல்லூரி மாணவன். அன்று பஸ் ஓடவில்லை, கடை திறக்கவில்லை. ஆண்கள் எல்லோரும் தெருமுனையில் கூடி நின்றார்கள். காங்கிரஸ் அனுதாபி ஒருவர், "புலிதான், அதுக்குப் பின்னாடி தி.மு.க." என்றார். தி.மு.க. கரைவேட்டி கட்டிய பெரியவர், இது டெல்லியில் யாரோ போட்ட திட்டம் என்றார். ஈழத்துக்காக ஊர்வலம் போன சீனியர் மாணவர் சி.ஐ.ஏ. என்றார். பஞ்சாப் தீவிரவாதிகள் என்றும் ஒருவர் சொன்னார். இந்திரா காந்தி கொல்லப்பட்டு ஏழு ஆண்டுகள்கூட ஆகாத காலம் அது. ஒவ்வொருவரும் தன் பதிலுக்கு ஆதாரம் என்று ஏதோ ஒன்றை வைத்திருந்தார். இன்று யோசிக்கும்போது ஒன்று புரிகிறது. அந்தக் கூட்டத்தில் யார் என்ன சொல்வார் என்பதை அவர் வாயைத் திறக்கும் முன்பே, அவர் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுபவர் என்பதை வைத்து ஊகித்திருக்கலாம்.

அதற்காக அவர்கள் எல்லோரும் வெறும் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள் என்று சொல்லமாட்டேன். விடுதலைப் புலிகளைச் சந்தேகிக்க வலுவான காரணங்கள் இருந்தன. 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படை இலங்கையில் புலிகளோடு போரிட்டது. 1990 ஜூனில் போட்டி ஈழ இயக்கமான ஈ.பி.ஆர்.எல்.எஃப்.பின் தலைவர் பத்மநாபாவும் அவருடைய தோழர்களும் சென்னை கோடம்பாக்கத்தில் ஒரு குடியிருப்பில் புலிகளால் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார்கள். இன்னொரு பக்கம், கொலைக்கு இரண்டு மாதம் முன்புதான், 1991 மார்ச்சில், புலிகள் தரப்பிலிருந்து கவிஞர் காசி ஆனந்தன் டெல்லி சென்று ராஜீவைச் சந்தித்துப் பேசியிருந்தார். பேச்சுவார்த்தைக்கு வந்தவர்கள் கொலை செய்வார்களா என்று கேட்டவர்களின் கேள்வியும் அந்த நேரத்தில் நியாயமாகத்தான் பட்டது. புலிகள் உடனே மறுக்கவும் செய்தார்கள். சந்தேகப்படுவது தவறில்லை; சந்தேகம் இல்லாமல் எந்தப் புலனாய்வும் தொடங்காது. சந்தேகத்தை எந்த இடத்தில் நிறுத்துகிறோம், எதைக் கண்டால் மாற்றிக்கொள்வோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்த வழக்கில் ஊர்ப்பேச்சைச் சாட்சியத்தின் பக்கம் இழுத்து வந்தது ஒரு கேமரா. குண்டு வெடித்த இடத்தில் செத்துக் கிடந்த ஹரிபாபு என்ற இளம் புகைப்படக்காரரின் உடலோடு அது கிடந்தது. உள்ளே இருந்த பிலிம் கெடவில்லை. கழுவிப் பார்த்தபோது பத்துப் படங்கள் வந்தன. ஒன்றில் சந்தன மாலையைக் கையில் பிடித்தபடி, சல்வார் கமீஸ் அணிந்து, கண்ணாடி போட்ட ஓர் இளம்பெண் நிற்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் ராஜீவுக்குக் கவிதை வாசித்துக் காட்ட வந்த சிறுமியும் அவளுடைய தாயும். சற்றுத் தள்ளி, வெள்ளைக் குர்த்தா அணிந்த, பத்திரிகைக்காரர் போலத் தோற்றமளிக்கும் ஒருவர். கடைசிப் படம் குண்டு வெடித்த கணத்தின் நெருப்பு. அந்தப் பெண்தான் மனித வெடிகுண்டாக வந்த தணு என்பதும், வெள்ளைக் குர்த்தாக்காரர்தான் சதியை முன்னின்று நடத்திய சிவராசன் என்பதும் பின்னால் தெரிந்தன.

அந்தப் படம் பத்திரிகையில் வந்த நாளில் எங்கள் தெருவே அதைச் சுற்றி நின்று பார்த்தது. நானும் அந்தச் சிறுமியின் முகத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தாயும் மகளும் அன்றிரவு இறந்தவர்களில் அடக்கம்.

ஹரிபாபுவை முதலில் எல்லோரும் பரிதாபத்தோடுதான் பார்த்தார்கள். வேலைக்கு வந்த இடத்தில் உயிரைவிட்ட பையன் என்றுதான் பேச்சு. புலனாய்வாளர்கள் அவருடைய வீட்டைச் சோதித்தபோது ஒரு ரசீது கிடைத்தது. அண்ணா சாலை பூம்புகார் கைவினைப் பொருள் கடையில் சந்தன மாலை வாங்கியதற்கான பில். தணுவின் கையில் இருந்த மாலை அங்கேதான் வாங்கப்பட்டது. பரிதாபத்துக்குரியவராக இருந்தவர் சதியில் பங்கு கொண்டவரானார். எந்தக் கட்சிக்காரரின் உறுதியும் செய்ய முடியாத ஒரு காரியத்தை அந்தச் சின்னக் காகிதம் செய்தது. அது யாருடைய விருப்பத்துக்கும் ஏற்ப எழுதப்பட்டது அல்ல. கொலையைப் பற்றி எதுவும் அறியாத ஒரு கடைக்காரர் எழுதியது. நல்ல சாட்சியத்தின் இலக்கணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

டி.ஆர். கார்த்திகேயன் தலைமையிலான சிறப்புப் புலனாய்வுக் குழு அங்கிருந்து நூல்பிடித்துப் போனது. ஆகஸ்டில் பெங்களூருக்கு அருகே கோணனகுண்டேயில் ஒரு வீட்டைச் சுற்றி வளைத்தபோது, சிவராசனும் கூட இருந்தவர்களும் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். நீதிமன்றத்தில் நிறுத்திக் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளில் பெரும்பகுதி அங்கேயே முடிந்துபோனது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 41 பேர். 12 பேர் இறந்துவிட்டார்கள். புலிகள் இயக்கத்தின் பிரபாகரன், பொட்டு அம்மான், அகிலா ஆகிய 3 பேர் பிடிபடவில்லை. மீதி 26 பேர் மீது வழக்கு நடந்தது. கொலை புலிகள் இயக்கத்தின் வேலை என்று நீதிமன்றத்தில் நிலைநாட்டப்பட்டது. முதல் நாளே "புலிதான்" என்றவர்களின் ஊகம் சரி.

என் கவலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஊகம் சரியாகிவிட்ட பிறகு நாம் செய்தவைதான் என்னை அதிகம் உறுத்துகின்றன. யார் என்பதற்குச் சரியான பதில் கிடைத்ததும், யார் யாரெல்லாம் என்ற அடுத்த கேள்விக்குச் சாட்சியே தேவையில்லை என்பதுபோல நடந்துகொண்டோம்.

சிலர் ஊகம் சரியாகும் வரை காத்திருக்கவும் இல்லை. கொலை நடந்த இரவே மாநிலமெங்கும் தி.மு.க.வின் கொடிக்கம்பங்கள் சாய்க்கப்பட்டன. கட்சிக்காரர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. அடுத்து வந்த தேர்தலில் அந்தக் கட்சி இருந்த இடம் தெரியாமல் போனது. சதி வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 41 பேரில் தி.மு.க. தலைவர் ஒருவர்கூட இல்லை. ஆனாலும் 1997-இல், கொலையின் சதிப் பின்னணியை விசாரித்த ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கையைக் காட்டி, தி.மு.க. அமைச்சர்களை நீக்கச் சொன்னது காங்கிரஸ். பிரதமர் குஜ்ரால் மறுத்தார், காங்கிரஸின் ஆதரவு விலக்கப்பட்டு மத்திய அரசு கவிழ்ந்தது. 2004-இல் அதே இரண்டு கட்சிகளும் கூட்டணி வைத்து வென்றன. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் சாட்சியம் மாறவில்லை. தேவை மாறியிருந்தது.

கட்சிகள் எழுந்துகொள்ளும். எழ முடியாதவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் எதிர்வீட்டு மாடிப் போர்ஷனில் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று குடியிருந்தது. கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள். மே கடைசி வாரத்தில் ஒருநாள் வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்று, "ஒரு வாரம் டைம் தர்றேம்மா, வேற எடம் பாத்துக்குங்க. நானும் ரெண்டு பொண்ணுங்கள வச்சிருக்கேன்" என்றார். குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அந்த அக்கா படியில் உட்கார்ந்து பிள்ளைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். பின்னலைப் பாதியில் பிடித்தபடியே, "அவையளுக்குப் பயந்துதானே அண்ணை நாங்கள் இஞ்ச வந்தனாங்கள்" என்றார். வீட்டுக்காரர் பதில் சொல்லாமல் இறங்கிப் போனார். அவர்களுக்கு வேறு வீடு கிடைக்கவில்லை. பேச்சைக் கேட்டதுமே வீடு இல்லை என்றார்கள். கடைசியில் முகாமுக்குப் போனதாகக் கேள்விப்பட்டோம். 1992-இல் அகதிகளைத் திருப்பி அனுப்பும் கப்பல்கள் புறப்பட்டபோது அவர்கள் அதில் இருந்தார்களா என்று எங்கள் வீட்டில் அம்மா அடிக்கடி கேட்பார்.

குற்றம் ஓர் இயக்கத்தின் மேல் நிரூபணமானது. தண்டனை ஒரு பேச்சு வழக்கின் மேல் விழுந்தது.

நீதிமன்றத்துக்குள்ளும் இதே வழிதல் நடந்தது. 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. ஒருவரைக்கூட விடவில்லை. அன்று அதைக் கேட்டு நாடு பெரிதாக அதிரவும் இல்லை. இவ்வளவு பெரிய குற்றத்துக்கு இத்தனை பேர் வேண்டும்தான் என்று தோன்றியிருக்க வேண்டும். 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் சாட்சியங்களை ஒவ்வொருவருக்காகத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தது. 19 பேர் மீதான கொலைச் சதிக் குற்றம் நிற்கவில்லை. சிறு குற்றங்களுக்கான தண்டனையை அவர்கள் ஏற்கெனவே சிறையில் கழித்துவிட்டதால் வெளியே வந்தார்கள். 4 பேருக்குத் தூக்கு உறுதியானது, 3 பேருக்கு ஆயுள்.

அந்த நால்வரில் பேரறிவாளன் கைதானபோது வயது 19. குண்டுக்குப் பயன்பட்ட 9 வோல்ட் பேட்டரிகளை வாங்கிக் கொடுத்தார் என்பது அவர் மீதான முக்கியக் குற்றச்சாட்டு. அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி, எதற்காக அந்த பேட்டரிகள் என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாகப் பல ஆண்டுகள் கழித்து, 2013-இல், வெளிப்படையாகச் சொன்னார். ஒரு வாக்கியம் விடுபட்டது. அந்த ஒரு வாக்கியத்துக்கும் தூக்குக்கயிற்றுக்கும் இடையில் ஒரு மனிதனின் இளமை போனது. 2022 மே 18-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்த அதிகாரி கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. யார் என்பது முடிவான பிறகு, முடிவுக்குப் பொருந்தாத வாக்கியம் முக்கியமில்லாததாகத் தெரியும். இது மனித மனத்தின் இயல்பு. அதனால்தான் இதற்கு இவ்வளவு பயப்பட வேண்டியிருக்கிறது.

மறுபக்கத்தையும் அதே அளவுகோலால் அளக்க வேண்டும். புலிகள் மேல் பற்றுக் கொண்டவர்கள் எத்தனை சாட்சியம் வந்தாலும் வேறொரு கையைத் தேடினார்கள். சி.ஐ.ஏ., மொசாத், சாமியார் சந்திராசாமி என்று பட்டியல் நீண்டது. ஜெயின் கமிஷனின் இறுதி அறிக்கையும் சந்திராசாமியைப் பற்றி மேலும் விசாரிக்கச் சொன்னது. அதற்காகவே 1998-இல் பல்துறைக் கண்காணிப்பு முகமை அமைக்கப்பட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேல் இயங்கியது. புதிதாக ஒருவர்மீதும் வழக்குத் தொடராமலே அது கலைக்கப்பட்டது. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் பத்திரிகையாளர்கள் கேட்டபோது பிரபாகரன் ராஜீவ் கொலையைத் துன்பியல் சம்பவம் என்றார். 2006-இல் புலிகளின் அரசியல் ஆலோசகர் ஆன்டன் பாலசிங்கம் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று ஒரு சாராரும், எங்கே ஒப்புக்கொண்டார்கள் என்று மறுசாராரும் அதையும் தத்தம் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். விடை கிடைக்காத கேள்விகள் இந்த வழக்கில் உண்டு. அவற்றைக் கேட்பது உரிமை. ஆனால் மெய்ப்பிக்கப்பட்டதை மறைப்பதற்காகக் கேட்கும்போது, அது செத்துப்போன ஒன்பது போலீஸ்காரர்களுக்கும் அந்தச் சிறுமிக்கும் செய்கிற அநியாயம். ஈழத்தின் நியாயத்தைப் பேச இந்தக் கொலையை மறுக்க வேண்டிய அவசியம் இல்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய குணம் அல்ல. 2004 மார்ச் 11 அன்று ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் நான்கு ரயில்களில் குண்டு வெடித்து 191 பேர் இறந்தார்கள். மூன்று நாளில் தேர்தல். பாஸ்க் விடுதலை இயக்கமான எட்டாதான் செய்தது என்று அரசு அடித்துச் சொன்னது; அன்றே ஐ.நா. பாதுகாப்பு அவையும் எட்டாவின் பெயரைச் சொல்லித் தீர்மானம் போட்டது. உண்மையில் அது இஸ்லாமியத் தீவிரவாதக் குழு ஒன்றின் வேலை. அதே வழக்கில், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இருந்த, இஸ்லாத்துக்கு மாறிய வழக்கறிஞர் ஒருவரின் கைரேகை பொருந்துகிறது என்று எஃப்.பி.ஐ. நிபுணர்கள் ஒருவர் பின் ஒருவராக உறுதி சொன்னார்கள். பொருந்தவில்லை என்று ஸ்பெயின் போலீஸ் சொல்லியும் அவரைக் கைது செய்தார்கள். இரண்டு வாரம் கழித்து ரேகை வேறொருவருடையது என்று தெரிந்தது, எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது. கைரேகையைக்கூட முடிவோடு பார்த்தால் முடிவே தெரிகிறது.

ராஜீவின் மகள் பிரியங்கா காந்தி 2008 மார்ச்சில் வேலூர் சிறைக்குச் சென்று, இந்த வழக்கில் தண்டனை பெற்ற நளினியைச் சந்தித்தார். தந்தையை இழந்தவர், தண்டிக்கப்பட்ட ஒருவர் முன் போய் உட்கார்ந்தார். இழப்பே இல்லாத நாமெல்லாம் தெருமுனையில் ஒரே காலையில் தீர்ப்புச் சொல்லியிருந்தோம்.

நான் இப்போது எனக்கென்று ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். ஏதாவது ஊரில் குண்டு வெடித்த செய்தி வந்ததும் மனம் ஒரு பெயரைச் சொல்லத்தான் செய்யும். அதைத் தடுக்க முடியாது. அந்தப் பெயரைப் பிறரிடம் சொல்வதற்கு முன் மூன்றைக் கேட்டுக்கொள்கிறேன். இது எனக்குத் தெரியுமா, தோன்றுகிறதா, அல்லது இப்படி இருந்தால் நல்லது என்று நினைக்கிறேனா? எந்தச் சாட்சியம் வந்தால் இதை விட்டுவிடுவேன்? நான் சொல்வது தவறானால் அதன் விலையை யார் கொடுப்பார்? மூன்றாவது கேள்விக்கு எனக்குக் கிடைக்கும் பதில் எப்போதும் ஒன்றுதான்: நான் கொடுக்கப்போவதில்லை.

கொன்றவர்களைக் கண்டுபிடித்துத் தண்டிக்க வேண்டும்; அதில் இரக்கத்துக்கு இடமில்லை. ஆனால் அதைச் செய்ய வேண்டியது சாட்சியம். நம் கோபமும் பற்றும் அந்த வேலையை எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுத்த முறை உங்கள் தெருமுனையில் யாராவது ஒரு பெயரைச் சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று மரியாதையாகக் கேளுங்கள். அந்தப் பெயர் நீங்களே நம்புகிற பெயராக இருந்தால், கட்டாயம் கேளுங்கள்.