ஆருக்குக் கேட்கவேண்டும்

ஓர் ஒலியை ஆர் கேட்பது என்று தீர்மானிக்கும் உரிமை எங்கள் ஊரில் எவருக்கும் தனியாக இருந்ததில்லை. கோயில் திருவிழாவென்றாலும் செத்தவீடென்றாலும் ஒலிபெருக்கி கட்டினால் நாலு குறிச்சிக்குக் கேட்கும். 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோனபின், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டதை மூத்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். ஒருவர் சுற்ற, பத்துப்பேர் பி.பி.சி. தமிழோசை கேட்டார்கள். சுற்றுகிறவரின் கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும்.

லிட்கம்மில் நாங்கள் நாலுபேர் வாடகைக்கு இருக்கும் வீட்டில் நிலைமை நேர்மாறு. கூடத்தில் ஒரு மேசைக்கணனி, இரண்டு சிறிய ஒலிபெருக்கிகள், ஒரு ஹெட்செட். ஒருவன் விடிய 4 மணிக்கு வேலைக்கு எழும்புகிறவன். நான் ரெஸ்ரோரன்ற் கழுவிப் பூட்டியபின் இரவு 11 மணிக்கு வருகிறவன். எங்களுக்கு 11 மணியென்றால் ஊரில் கோடையில் 5.30, குளிர்காலத்தில் 6.30. அம்மா விளக்கு வைக்கும் நேரம். அந்த நேரத்தில்தான் கதைக்கலாம். அந்த நேரத்தில்தான் இங்கே சத்தம் போடக்கூடாது.

பழைய கணனிகளில் இதற்கு ஒரு செருகி போதும். 3.5 மில்லிமீற்றர் துளைக்குள் அதைத் தள்ளினால் ஒலிபெருக்கி மௌனமாகும். இழுத்தால் திரும்பப் பேசும். யூ.எஸ்.பி. ஹெட்செட் அப்படியல்ல. ஒலியை உருவாக்கும் சில்லு அதற்குள்ளேயே இருப்பதால் கணனி அதை இன்னொரு தனிக் கருவியாகப் பார்க்கிறது. திரையின் கீழ் வலது மூலையிலுள்ள ஒலிபெருக்கிப் படத்தை அழுத்தி, எது வேண்டுமென்று நாங்கள்தான் சொல்லவேண்டும். 2009இல் வந்த வின்டோஸ் 7இல் பாட்டுக்கு ஒரு கருவி, அழைப்புக்கு இன்னொன்று என்று பிரித்துவைக்க வழி செய்தார்கள். அழைப்பு வந்தால் மற்றச் சத்தங்களை 80 சதவீதம் குறைக்கும் ஏற்பாடும் அதில் இருந்தது. ஒருவர் பேசும்போது மற்றவை அடங்கவேண்டும் என்ற மரியாதையை ஆரோ இயந்திரத்துக்குப் பழக்கியிருக்கிறார்கள்.

அழைப்பு எப்போதும் ஹெட்செட்டுக்கு என்று நான் வைத்திருப்பது நித்திரை கொள்கிறவனுக்காக மட்டுமல்ல. அம்மா எடுத்தவுடன் சுகம் விசாரிப்பதில்லை.

“தம்பி, ஸ்பீக்கரில போட்டிருக்கிறியோ?”

“இல்லையம்மா, காதில.”

அதற்குப் பிறகுதான் கதை தொடங்கும். காணிப் பிரச்சினை, தங்கச்சியின் கலியாணக் கடன், வீட்டுக்கு வந்து என்னைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனவர்கள். பக்கத்தில் ஆர் நிற்கிறார்கள் என்று பார்த்துப் பேசியே உயிர் தப்பிய சனத்துக்கு, 2009இல் யுத்தம் முடிந்தும் அந்தப் பழக்கம் முடியவில்லை. ஸ்பீக்கர் என்று தெரிந்தால் “நல்லா இருக்கிறம்” என்பதோடு அம்மா நிறுத்திவிடுவா.

ஆனால் எல்லாவற்றையும் காதுக்குள் அடக்கிவிட முடியாது. போன குளிர்காலத்தில் பெரியம்மாவின் செத்தவீட்டை இணையத்தில் நேரடியாகக் காட்டினார்கள். போனால் திரும்பிவர முடியாத விசாவில் இருப்பவனுக்கு அதுதான் பயணம். இங்கே இரவு 8 மணி, ஊரில் பின்னேரம் 3.30. விடிய எழும்புகிறவன் படுத்துவிட்டான். ஹெட்செட்டை மாட்டினேன். பறையும் ஒப்பாரியும் என் தலைக்குள். கழற்றினால் குளிர்சாதனப்பெட்டியின் இரைச்சல் மட்டும். தண்ணி குடிக்க எழும்பி வந்தவன் திரையைப் பார்த்தபடி கொஞ்சநேரம் நின்றான்.

“மச்சான், உது தனியக் கேக்கிற சாமானே? வெளியில விடு.”

மாற்றினேன். ஒப்பாரி கூடத்தை நிறைத்தது. மற்ற இருவரும் அறைகளிலிருந்து வந்து நின்றார்கள். பெரியம்மாவை அவர்களில் எவரும் கண்டதில்லை. பெட்டியைத் தூக்கும்வரை ஒருவரும் இருக்கவில்லை.

துக்கத்தை வெளியே விட எங்களால் முடிகிறது. அதற்கு அந்நிய நாட்டிலும் நாலு காதுகள் கிடைத்துவிடுகின்றன. பயத்தைத்தான் இன்னும் காதுக்குள் வைத்திருக்கிறோம். “ஸ்பீக்கரிலயோ” என்று கேட்காமல் அம்மா பேசத் தொடங்கும் நாளைத்தான் யுத்தம் முடிந்த நாளென்று நான் கணக்கில் எடுப்பேன்.